சிவப்புப் பொத்தானும் அப்பாவின் விரலும்

கலியாண வீடுகளில் மாமிமார் கேட்பார்கள்: "பிள்ளை என்ன படிக்கிறீர்?" நான் "மெக்கட்ரோனிக்" என்பேன். "அது கொம்பியூட்டரோ, கரண்டோ, மெசினோ?" "மூண்டும்தான் மாமி." அதற்கு மேல் கேள்வி வராது. வடைதான் வரும்.

அதனால் இந்த வேலையைப் பற்றி நான் தமிழில் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. முதல் தடவையாக அப்பாவுக்குச் சொன்னேன், அவுஸ்பில்டுங் தொடங்கிய முதல் வருடம், ஒரு வியாழக்கிழமை இரவு, குசினியில். சந்தோசத்தில் சொல்லவில்லை. அன்றைக்கு நான் வெட்கப்பட்டுப்போய் வீட்டுக்கு வந்திருந்தேன்.

முதலில் எஸ்.பே.எஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு அது பி.எல்.சி. தொழிற்சாலை மெசின்களின் மூளையாக இருக்கும் ஒரு சின்னக் கணினி. பொத்தான், சென்சர் எல்லாம் அதன் உள்வாயிலில் வந்து சேரும். மோட்டர், விளக்கு, வால்வு எல்லாம் அதன் வெளிவாயிலில் இருக்கும். எது வந்தால் எது போகவேண்டும் என்று நடுவில் நாங்கள் எழுதுகிறோம். எழுதுகிறோம் என்பதைவிட வரைகிறோம் என்பதுதான் சரி. இரண்டு பக்கமும் இரண்டு நிமிர்ந்த கோடு, நடுவில் படிப்படியாகக் குறுக்குக் கோடுகள். பார்க்க ஏணி மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் லேடர். ஜேர்மனில் கொன்டக்ட்பிளான்.

ஏன் ஏணி? இதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதை தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். 1968 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியில் கியர்பெட்டி செய்யும் ஹைட்ரமாட்டிக் பிரிவு, ரிலே நிறைந்த பெரிய அலமாரிகளுக்குப் பதிலாக வேறொன்று வேண்டும் என்று கேட்டது. காரின் மொடல் மாறும்போதெல்லாம் அந்த அலமாரிகளின் வயர்களைக் கழற்றித் திரும்பப் பூட்டவேண்டியிருந்தது. டிக் மோர்லி என்பவரும் அவருடைய பெட்போர்ட் அசோசியேட்ஸ் ஆட்களும் 1969 இல் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அது அவர்களுடைய 84 ஆவது வேலைத்திட்டம் என்பதால் அதன் பெயர் மொடிகொன் 084. உள்ளே இருந்தது கணினி. ஆனால் அதைத் தொடப்போவது தொழிற்சாலை எலெக்ட்ரீஷியன்கள். அவர்களுக்கு ரிலே வரைபடம் வாசிக்கத் தெரியும், கணினி மொழி தெரியாது. எனவே கணினிக்கு ரிலே வரைபடத்தின் முகமூடியைப் போட்டுவிட்டார்கள்.

அந்த முகமூடி இன்றைக்கும் இருக்கிறது. 1993 இல் ஐ.ஈ.சி 61131-3 என்ற சர்வதேசத் தரத்திலும் ஏணிக்கு இடம் கொடுத்தார்கள். பார்க்க வயர் மாதிரி இருக்கும், ஆனால் வயர் இல்லை. நான் விட்ட பிழை எல்லாம் அதை வயர் என்று நம்பியதால்தான் வந்தது.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் பயிற்சிப் பட்டறையில் ஒரு சின்ன கொன்வேயர் பெல்ட் இருக்கிறது, ஒரு முழ நீளம். பச்சைப் பொத்தானை அமத்தினால் ஓடவேண்டும், கையை எடுத்தாலும் ஓடவேண்டும், சிவப்பை அமத்தினால் நிற்கவேண்டும். இந்தத் தொழிலில் இது அரிச்சுவடியின் முதல் பக்கம்.

சிவப்புப் பொத்தானுக்குள் இருந்தது ஓஃப்னர். அதாவது சும்மா இருக்கும்போது கரண்ட் அதனூடாகப் போய்க்கொண்டிருக்கும், அமத்தினால் அறுபடும். ஏணியிலும் ஓஃப்னருக்கு ஒரு குறியீடு இருக்கிறது: இரண்டு நிமிர்ந்த கோடு, நடுவில் ஒரு சரிந்த கோடு. பொத்தான் ஓஃப்னர், ஆகவே குறியீடும் ஓஃப்னர் என்று போட்டேன். இதைவிடத் தெளிவான விசயம் உலகத்தில் இருக்குமா?

பச்சையை அமத்தினேன். பெல்ட் அசையவில்லை. திரும்ப அமத்தினேன். இல்லை. கோபத்தில் இரண்டையும் சேர்த்து அமத்தினால் பெல்ட் ஓடுகிறது! சிவப்பை விட்டால் நிற்கிறது. சிவப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் மட்டும் ஓடும் மெசினை நான் செய்திருந்தேன். பக்கத்து மேசைப் பெடியன் சிரித்தான்.

நான் யோசித்தேன். புரோகிராம் சரி, அப்படியென்றால் பொத்தான்தான் பிழை. அந்தப் பொத்தானின் பின்பக்கத்தில் இரண்டு கொன்டக்ட் பூட்டியிருந்தது. 1, 2 என்று முடியும் இலக்கங்கள் ஓஃப்னர். 3, 4 என்று முடிபவை ஷ்லீஸர், அமத்தும்போது மட்டும் கரண்ட் போவது. வயரை ஓஃப்னரிலிருந்து கழற்றி ஷ்லீஸரில் பூட்டினேன். பச்சையை அமத்தினால் ஓடுகிறது. சிவப்பை அமத்தினால் நிற்கிறது. பத்துத் தடவை செய்து பார்த்தேன். பத்துத் தடவையும் சரி. பெருமையோடு அவுஸ்பில்டரைக் கூப்பிட்டேன்.

அவர் ஒரு அசல் ஷ்வாபியர். திட்டாவிட்டால் அதுவே பாராட்டு என்று இந்த ஊரில் ஒரு பழமொழி உண்டு, அதன்படி வாழ்பவர். பச்சையை அமத்தினார், ஓடியது. சிவப்பை அமத்தினார், நின்றது. தலையாட்டினார். திரும்பப் பச்சையை அமத்தி ஓட விட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன திருகாணி முடுக்கியை எடுத்து, சிவப்புப் பொத்தானின் வயர் ஒன்றைக் கழற்றித் தொங்க விட்டார். "இப்ப நிப்பாட்டு" என்றார்.

அமத்தினேன். பெல்ட் ஓடியது. இன்னும் பலமாக அமத்தினேன். ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசைப் பெடியன் இந்தமுறை சிரிக்கவில்லை. அவர் பெரிய சுவிட்சைத் திருப்பி நிறுத்திவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார்.

எங்கே பிழை விட்டேன் என்பதை ஆறுதலாகச் சொல்கிறேன். இதைப் பெரிய ஆட்களும் பிழையாகத்தான் விளங்கி வைத்திருக்கிறார்கள்.

ஏணியில் இருக்கும் குறியீடு பொத்தானின் படம் இல்லை. அது ஒரு கேள்வி. சரிந்த கோடு இல்லாத குறியீடு "இந்த உள்வாயிலில் 1 இருக்கிறதா?" என்று கேட்கிறது. சரிந்த கோடு உள்ளது "இங்கே 0 இருக்கிறதா?" என்று கேட்கிறது. உள்வாயிலுக்கு வெளியே ஓஃப்னர் இருக்கிறதா, ஷ்லீஸர் இருக்கிறதா, யாராவது வயரைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 24 வோல்ட் வந்தால் 1, வராவிட்டால் 0, அவ்வளவுதான்.

ஓஃப்னர் பூட்டிய சிவப்புப் பொத்தான் சும்மா இருக்கும்போது 1 அனுப்பும். "1 இருக்கும்வரை ஓடலாம்" என்பதுதான் எனக்குத் தேவை. அப்படியென்றால் ஏணியில் போடவேண்டியது சரிந்த கோடு இல்லாத குறியீடு. வெளியே ஓஃப்னர், உள்ளே ஷ்லீஸர்க் குறியீடு. பார்க்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. இப்போது பொத்தானை அமத்தினாலும் 0. வயர் அறுந்தாலும் 0. திருகாணி இளகினாலும் 0. மூன்றிலும் மெசின் நிற்கும். நான் செய்த மாதிரி ஷ்லீஸரில் பூட்டினால், வயர் அறுந்ததும் அமத்தாத பொத்தானும் எஸ்.பே.எஸ்சுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். என்றைக்கோ அறுந்த வயர், ஆபத்து வரும் நாளில்தான் கண்ணில் படும்.

இந்தக் குழப்பத்துக்கு மொழியும் ஒரு காரணம் என்பது அப்பாவோடு கதைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா அன்றைக்கு முதல் ஷிஃப்ட் முடித்து வந்து இறால் பொரித்துக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, முகம் தொங்குது?" என்றார். சொன்னேன். தமிழில் சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன். "ஓஃப்னர் எண்டால் திறக்கிறது அப்பா. திறந்தால் கரண்ட் நிக்கும்."

"அதென்னடி? பைப்பைத் திறந்தால் தண்ணி வரும். நீ திறந்தால் நிக்கும் எண்டுறாய்."

சரிதானே! தண்ணீருக்குத் திறந்தால் ஓடும், பூட்டினால் நிற்கும். கரண்டுக்கு மூடினால்தான் ஓடும். இதற்குள் ஜேர்மன்காரர் கொன்டக்டுக்குப் பெயர் வைப்பது அமத்தினால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்து: அமத்தினால் திறப்பது ஓஃப்னர், அமத்தினால் மூடுவது ஷ்லீஸர். ஆங்கிலக்காரர் பெயர் வைப்பது சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து: ஓஃப்னர் அவர்களுக்கு நோர்மலி குளோஸ்ட். ஒரே சாமான், ஒரு மொழியில் திறப்பான், மற்ற மொழியில் மூடியது. ரொறொன்ரோவில் இருக்கும் பெரியப்பாவின் மகனும் இதே வேலைதான். நாங்கள் இரண்டு பேரும் வட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தோம், கடைசியில் பார்த்தால் இருவரும் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறோம். அண்ணா பாவிக்கும் அலன்-பிராட்லியில் குறியீட்டின் பெயரே "எக்ஸாமின் இஃப் குளோஸ்ட்". மூடியிருக்கிறதா என்று பார் என்றுதானே அர்த்தம் வரும்? ஆனால் அதுவும் பார்ப்பது 1 இருக்கிறதா என்பதை மட்டும்தான். பெயர் வைத்தவரைக் கண்டால் கேட்க வேண்டும்.

(இன்னொன்று. சீமன்ஸ் மெசின்களில் ஜேர்மன் முறைப்படி உள்வாயில் 'ஏ', வெளிவாயில் 'ஆ', ஐங்காங், அவுஸ்காங் என்பவற்றின் முதல் எழுத்துக்கள். ஆங்கில எழுத்துக் கூட்டிப் படித்த அண்ணாவுக்கு நான் 'ஏ' என்றால் அவுஸ்காங்கின் முதல் எழுத்துத்தான் மனதில் வரும். அந்தச் சண்டை தனி.)

நான் வயரைக் கழற்றிய இடத்துக்குக் கதை வந்தபோது அப்பா அடுப்பைக் குறைத்தார். "கழட்டினாப் பிறகு நிக்கேல்லையோ?" என்றார். "இல்லை." அவர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

அப்பாவின் மோதிர விரலில் நுனி இல்லை. நகம் பாதியில் வளைந்து நிற்கும். சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். கார்க் கதவு நசுக்கியது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். தம்பி இன்றைக்கும் கார்க் கதவை மெதுவாகத்தான் சாத்துவான்.

கார் இல்லை. 1990களில், நான் பிறக்க முன்னம், அப்பா வேலை செய்த ஒரு சின்னப் பட்டறை. அது இப்போது இல்லை. அங்கே ஒரு பழைய உருளை மெசின். கையுறை மாட்டிவிட்டது. மற்றக் கையால் சிவப்புப் பொத்தானை அடித்தார், நிற்கவில்லை. திரும்ப அடித்தார். பக்கத்தில் நின்ற துருக்கிக்கார அண்ணர் ஓடிப்போய் பெரிய சுவிட்சை நிறுத்தினார். "அவன் இல்லாட்டில் கை போயிருக்கும்." பிறகு எலெக்ட்ரீஷியன் வந்து பொத்தானைக் கழற்றினபோது ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்ததாம். அதிர்வில் திருகாணி இளகியிருக்கிறது. எத்தனை நாளாகத் தொங்கியதோ யாருக்கும் தெரியாது. யாரும் அந்தப் பொத்தானை அமத்திப் பார்க்கவில்லை.

"ஏன் கதவு எண்டு சொன்னனீங்கள்?"

"கொம்மா வேலைக்கு விடமாட்டா எண்டு." பிறகு இறாலைத் திருப்பிப் போட்டார்.

அந்த மெசினில் பொத்தானை யார் அப்படிப் பூட்டினார்கள், தொடக்கத்திலேயே அப்படியா, பிறகு யாராவது என்னை மாதிரி ஒரு கெட்டிக்காரர் "சரிப்படுத்தி" வைத்தாரா என்று அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு அந்த ஆளை நன்றாகத் தெரியும் போல இருந்தது. பத்துத் தடவை அமத்திப் பார்த்திருப்பார். பத்துத் தடவையும் நின்றிருக்கும்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்போது இருக்கும் வேலையிலும் ஷிஃப்ட் தொடங்கும்போது முதல் வேலையாக மெசினை ஓடவிட்டு ஒருதரம் சிவப்பை அடித்து நிறுத்திப் பார்ப்பார். மற்ற ஆட்கள் பகிடி பண்ணுவார்களாம். அது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இரண்டாவது வருடத்தில் நான் விட்ட பிழைக்கு அப்பாவின் விரல் போல ஒரு கதை இல்லை, ஆனால் ஒன்றரை மணித்தியாலம் போனது. அதே பெல்ட்டுக்குக் கை இயக்கம், தானியங்கி இயக்கம் என்று இரண்டு வகை வைக்கச் சொன்னார்கள். ஏணியின் நாலாவது படியில் கை இயக்கம் மோட்டரை ஓட்டும் என்று எழுதினேன். பதினோராவது படியில் தானியங்கி அதே மோட்டரை ஓட்டும் என்று எழுதினேன். உண்மையான வயராக இருந்தால் இது சரி. இரண்டு பக்கத்திலிருந்து ஒரு சுருளுக்கு வயர் வந்தால், எதில் கரண்ட் வந்தாலும் மோட்டர் ஓடும். ஆனால் தானியங்கி ஓடியது, கை இயக்கம் ஓடவேயில்லை. திரையில் நாலாவது படி பச்சையாக ஒளிர்கிறது, மோட்டர் அசையவில்லை! மோட்டரைச் சோதித்தேன், வயரைச் சோதித்தேன், வாயிலைச் சோதித்தேன்.

எஸ்.பே.எஸ் எல்லாப் படியையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. முதலில் எல்லா உள்வாயிலையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளும். பிறகு மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக வாசித்து விடைகளைத் தன் கொப்பியில் எழுதும். கடைசிப் படி முடிந்த பிறகுதான் கொப்பியில் இருப்பதை வெளிவாயிலுக்கு அனுப்பும். பிறகு திரும்பவும் முதலிலிருந்து. ஒரு சுற்றுக்குச் சில மில்லி செக்கன்தான். நாலாவது படியில் "மோட்டர்: 1" என்று எழுதியது. பதினோராவது படியில் தானியங்கி இல்லை, எனவே அதே இடத்தில் "மோட்டர்: 0" என்று அழித்து எழுதியது. வெளியே போனது 0. அம்மா "போ, விளையாடு" என்று சொல்லி, கடைசியாக அப்பா "இரு, படி" என்று சொன்னால் எது நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்தானே. ஒரு வெளிவாயிலுக்கு ஏணி முழுவதிலும் ஒரே ஒரு சுருள்தான் இருக்க வேண்டும். காரணங்களை அதற்கு முன்னால் பக்கவாட்டில் அடுக்கிக்கொள்ளலாம்.

பொத்தானை ஒரு சுற்றின் நேரத்தைவிடக் குறைவாகத் தட்டினால் எஸ்.பே.எஸ் அதைக் காணாமலே விட்டுவிடலாம் என்பதும் இதே போட்டோ விசயம்தான். மனித விரலால் அவ்வளவு வேகமாகத் தட்ட முடியாது. வேகமாக ஓடும் சாமானைப் பார்க்கும் சென்சருக்கு அது நடக்கும்.

இன்னொரு பெரிய பிழையான எண்ணமும் இருக்கிறது. புரோகிராமில் சிவப்புப் பொத்தானைச் சரியாக எழுதிவிட்டால் அவசர நிறுத்தத்தையும் அதிலேயே எழுதிவிடலாம் என்று நினைப்பது. மஞ்சள் பின்னணியில் இருக்கும் பெரிய சிவப்புக் காளான் பொத்தான், ஜேர்மனில் நோட்-ஹால்ட், வேறு சாதி. சாதாரண எஸ்.பே.எஸ்ஸின் வெளிவாயில் பழுதாகி 1 இலேயே ஒட்டிக்கொண்டால் என் அழகான ஏணியால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத் தனிப் பாதுகாப்பு ரிலே வேண்டும், அல்லது பாதுகாப்புக்கென்றே செய்த எஸ்.பே.எஸ் வேண்டும். ஆபத்துப் பெரிதான மெசின்களில் பொத்தானிலிருந்து இரண்டு தனித்தனி வழியாக வயர் போகும். ஒன்று பிழைத்தாலும் மற்றது நிறுத்தும். 1987 இல் பில்ஸ் கம்பனி இதற்கென்று பிநோஸ் என்ற ரிலேயைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பனி இருப்பது ஓஸ்ட்பில்டர்னில். இங்கே நகரத்திலிருந்து யூ7 ரயில் ஓடும் அதே ஓஸ்ட்பில்டர்ன்தான். எங்கள் பட்டறை அலமாரியிலும் அந்த மஞ்சள் பெட்டி ஒன்று இருக்கிறது. காளானைத் திருப்பி விடுவித்தவுடன் மெசின் தானாக ஓடத் தொடங்கக்கூடாது என்பதும் விதி. விடுவிக்க ஒரு ஆள் வேண்டும், ஓட்ட ஒரு ஆள் பச்சையை அமத்த வேண்டும்.

போன வருடம் பட்டறையில் திறந்த நாள் வைத்தார்கள். அப்பாவும் அம்மாவும் எஸ்1 பிடித்து வந்தார்கள், அப்பா கோட் போட்டுக்கொண்டு. என் பெல்ட்டுக்கு முன்னால் கூட்டிப்போய்க் காட்டினேன். அப்பா பச்சையை அமத்தினார். ஓடியது. சிவப்பை அமத்தினார். நின்றது. திரும்பப் பச்சையை அமத்திவிட்டு அவுஸ்பில்டரைப் பார்த்து, முப்பது வருடத் தொழிற்சாலை ஜேர்மனில், "கபல் ராவுஸ், பிட்டே" என்றார்.

அவுஸ்பில்டர் என்னைப் பார்த்தார். நான் திருகாணி முடுக்கியை எடுத்து, சிவப்புப் பொத்தானின் வயரைக் கழற்றினேன். பெல்ட் நின்றது.

"ம்" என்றார் அப்பா. அவுஸ்பில்டரும் "ம்" என்றார்.

"இதில என்ன செய்யிறனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டும் இல்லை அம்மா. மரக்கட்டை போய் வரும்."